மூன்றாவது பக்கம்

எங்கள் குடும்பம் ஒரு முக்கோணம். அம்மாவும் அக்காவும் பாரிஸுக்கு வடக்கே லா கூர்நெவ்வில். தம்பி பிராங்க்பர்ட்டில். நான் லண்டனில். யாரும் திட்டம் போட்டு வரைந்ததல்ல. தொண்ணூறுகளில் வெளிநாட்டுக்கு ஆளனுப்பும் எந்த ஏஜென்சிக்காரரை யார் நம்பிக் காசு கட்டினோமோ அதன்படி விழுந்தது.

அம்மா விமானத்தில் ஏறுவதில்லை. இலங்கையில் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வெளிக்கிட்ட அந்த ஒரு பயணத்தில் அடைத்த காது இன்னும் திறக்கவில்லை என்பது அவர் வாதம். ஆகவே பிள்ளைகளைப் பார்க்க அவருக்குக் கோச்சிதான். ஊரில் யாழ்தேவி ரயில் ஓடிய காலத்துச் சொல். மணிக்கு 300 கிலோமீட்டரில் ஓடுவதற்கும் அவர் அதே பெயர்தான் வைத்திருக்கிறார்.

பாரிஸிலிருந்து லண்டனுக்கு இரண்டேகால் மணி நேரமும் கொஞ்சமும். பாரிஸிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு 2007 முதல் நேரடி அதிவேக ரயில். நாலு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும். லண்டன்–பிராங்க்பர்ட் என்ற மூன்றாவது பக்கத்துக்குத்தான் இல்லை. தண்டவாளம் இருக்கிறது, அதில் பெரும்பகுதி அதிவேகப் பாதையாகவே இருக்கிறது. ஆனாலும் பிரஸ்ஸல்ஸில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு வேறு மேடைக்குப் போய், இன்னொரு ரயில் பிடிக்க வேண்டும்.

2010 அக்டோபர் 19 அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலையிடத்தில் சொல்லிவிட்டு செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்துக்கு ஓடினேன். வெள்ளை உடம்பில் சிவப்புக் கோடு போட்ட ஜெர்மன் அதிவேக ரயிலான ஐசிஇ அங்கே வந்து நின்றது. 2013இல் லண்டனிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு நேரடியாக, சுமார் ஐந்து மணி நேரத்தில் ஓடப்போகிறோம் என்று ஜெர்மன் ரயில் நிறுவனமான டொய்ச்ச பான் அறிவித்த நாள் அது. படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அரை மணியில் பாரிஸிலிருந்து அழைப்பு.

“மோனை, கோச்சி வந்திட்டுதெண்டு சின்னவன் சொல்லுறான். எப்ப ஏறலாம்?”

“மூண்டு வருசம் பொறுங்கோ அம்மா.”

பதினைந்து வருடம் தாண்டிவிட்டது. இடையில் வந்த ஒவ்வொரு செய்தியையும் துருவித் துருவிப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓடுகிற ரயிலில் பெரிய பிரச்சினை இல்லை. அது நிற்கிற இடங்களில்தான் இருக்கிறது.

முதலில் தடுத்ததென்னவோ சுரங்கம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். பிரித்தானியாவையும் பிரான்ஸையும் இணைக்கும் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம் 50 கிலோமீட்டர். அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். ரயிலுக்கு இரண்டு குழாய், அவற்றுக்கு நடுவே சேவைக் குழாய் ஒன்று. தீப்பிடித்தால் பயணிகள் அந்த நடுக்குழாய்க்குள் தப்பி ஓட, 375 மீட்டருக்கு ஒரு குறுக்குவழி. இதிலிருந்து பிறந்தது ஒரு விதி: ரயில் அந்த இடைவெளியைவிட நீளமாக இருக்க வேண்டும், உள்ளே முனையிலிருந்து முனைவரை நடந்து போகக்கூடியதாகவும் இருக்க வேண்டும். எங்கே நின்றாலும் ஏதோ ஒரு கதவு ஒரு குறுக்குவழிக்குப் பக்கத்தில் வரும். இப்போது இந்தச் சுரங்கம் வழியாக லண்டனுக்கு ஆட்களை ஏற்றி வரும் யூரோஸ்டார் ரயில்கள் 400 மீட்டர் நீளமாக இருப்பதன் கணக்கு இதுதான்.

ஐசிஇ 200 மீட்டர். இரண்டை மூக்கோடு மூக்கு கோத்தால் 400 வரும், ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு நடக்க முடியாது. செயின்ட் பாங்க்ராஸுக்கு வருவதற்கு முன் சுரங்கத்துக்குள்ளேயே ஆட்களை இறக்கி வெளியேற்றிப் பார்த்தார்கள். இன்னொரு சிக்கல், மோட்டார்கள் எங்கே இருக்கின்றன என்பது. பழைய யூரோஸ்டாரில் இரு முனையிலும் எஞ்சின். ஜெர்மன் ரயிலில் மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியில் பரவிக் கிடக்கும். அதே மாதத்தில் யூரோஸ்டாரும் புது ரயில்களை ஜெர்மனியின் சீமென்ஸிடம் வாங்கப்போவதாகச் சொல்ல, பிரான்ஸ் அரசாங்கம் பாதுகாப்பு விதியைக் காட்டிக் கொதித்தெழுந்தது. பிரான்ஸின் ரயில் கட்டும் நிறுவனம் அல்ஸ்தோம் அந்த ஒப்பந்தத்தை இழந்திருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விதி பிறகு தளர்ந்தது. அதே சீமென்ஸ் ரயில்கள் 2015 நவம்பர் முதல் சுரங்கத்தில் ஓடுகின்றன. அம்மா லண்டன் வருவது அவற்றில்தான்.

2013 ஜூனில் டொய்ச்ச பானுக்குச் சுரங்கத்தில் ஓடும் சான்றிதழ் கிடைத்தது. ஓட்டுவதற்குத்தான் ரயில் இல்லை. இந்தப் பாதைக்கென்று நினைத்திருந்த புது ரயில்கள் 2008இல் சொல்லி வைத்தவை; அவற்றுக்கு ஜெர்மனிக்குள் ஓட அனுமதி வந்ததே 2013 முடிவில். பெல்ஜியம், பிரான்ஸ், சுரங்கம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி. அடுத்த வருடம் திட்டத்தைச் சத்தமில்லாமல் ஒதுக்கி வைத்தார்கள். அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மின்சாரக் கதையைச் சொல்லாமல் விடமுடியாது, எனக்கு அதில் ஒரு பைத்தியம். லண்டனிலிருந்து சுரங்கம் வழியாக பெல்ஜியம்வரை அதிவேகப் பாதைகளில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம். பிரஸ்ஸல்ஸ் நகருக்குள் நுழைந்தால் 3,000 வோல்ட் நேர்மின்னோட்டம். ஹாலந்துக்குப் போனால் பழைய பாதைகளில் 1,500. ஜெர்மனியில் 15,000, அதுவும் வேறு அலைவெண்ணில். சமிக்ஞை முறையும் அப்படித்தான்: பிரான்ஸுக்கு, பெல்ஜியத்துக்கு, ஜெர்மனிக்கு என்று தனித்தனி முறைகள், இதையெல்லாம் ஒன்றாக்க வந்த ஐரோப்பிய முறை இன்னொன்று. எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெட்டி ரயிலுக்குள் இருக்க வேண்டும். சாரதிக்கு ஒவ்வொரு நாட்டின் பாதையும் விதியும் மட்டுமல்ல, அந்தந்த மொழியும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எல்லையில் ஆளை மாற்ற வேண்டும். ஒரு மின்சாரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் ஏசியின் இரைச்சல் அடங்கி ரயில் சும்மா உருளும். “கரண்ட் போட்டுதோ?” என்று அம்மா நிமிர்ந்து பார்ப்பார். ஊரில் கேட்டுப் பழகிய கேள்வி.

இதெல்லாம் கடினம்தான். ஆனால் பொறியியலாளர்கள் தீர்த்துவிட்ட கடினம். காசு கொடுத்தால் நாலு மின்சாரம் தின்னும் ரயில் கிடைக்கும். பாரிஸ்–பிராங்க்பர்ட் ரயில் தினமும் இரண்டு மின்சாரத்தில் ஓடுகிறது. அந்த ரயிலில் அம்மா ஏறும்போது யாரும் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை. அங்கேதான் வித்தியாசம்.

எல்லையில் கடவுச்சீட்டுக் கேட்காத ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனில் பிரித்தானியா இல்லை. பிரெக்ஸிட்டுக்கு முன்னும் இல்லை. ஆகவே லண்டன் போகிற ஒவ்வொருவரும் ரயில் ஏறுமுன் இரண்டு நாட்டு அதிகாரிகளையும் தாண்ட வேண்டும். பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் முதலில் பிரெஞ்சுப் பொலிஸ், பத்தடி தள்ளி பிரித்தானிய அதிகாரி. செயின்ட் பாங்க்ராஸில் பிரெஞ்சு அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாட்டின் எல்லை இன்னொரு நாட்டின் நிலையத்துக்குள் இருக்கிறது. லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் இங்கிலாந்து வந்துவிடும் என்று பாரிஸில் சொல்லிச் சிரிப்போம். முன்பு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. 2001 முதல் பிரித்தானியச் சோதனை பாரிஸுக்கே வந்தது, எங்களைப் போன்றவர்கள் லண்டனில் இறங்கி அகதி விண்ணப்பம் போடுவதைத் தடுக்கத்தான். அம்மாவின் அகதிப் பயண ஆவணத்துக்கு விசா வேண்டியிருந்த அந்த வருடங்களில், ரயில் இரண்டரை மணி நேரத்தில் போனால் என்ன, இரண்டு நாளில் போனால் என்ன?

ஓடும் ரயிலிலேயே சோதித்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதற்குப் பதில், பிரஸ்ஸல்ஸ்–லீல் ரிக்கெற். பிரஸ்ஸல்ஸிலிருந்து லண்டன் போகும் ரயில் பிரான்ஸின் லீலில் நிற்கும். ஷெங்கனுக்குள் நடக்கும் அந்தப் பயணத்துக்கு பிரித்தானியச் சோதனை இருக்கவில்லை. லீல்வரை ரிக்கெற் வாங்கி, இறங்காமல் இருந்தால் லண்டன். பிரித்தானியா இந்த ஓட்டையைக் கண்டு பதறியது. ஏறியபின் சோதித்து ஒருவரை மறுத்தால் அவரை எங்கே இறக்குவது? சுரங்கத்திலா? ஆகவே ரயில் ஒரு போத்தல். மூடியைத் திறந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

போத்தல் என்றால் ஏறுமிடமும் மூடியிருக்க வேண்டும். 400 மீட்டர் மேடை, அதைச் சுற்றி அடைப்பு, கடவுச்சீட்டு மேசைகள், பைகளைப் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரங்கள், சோதனை முடிந்த பல நூறு பேர் உட்கார ஒரு கூடம். அந்த எக்ஸ்ரேயில் ஒருமுறை அம்மாவின் திருவலை அகப்பட்டது. லண்டனில் நல்லது கிடைக்காது என்று மருமகளுக்காக ஊரிலிருந்து எடுப்பித்தது. அந்த இளம் அதிகாரி பல்லுப் பல்லான அந்த இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, நான் தேங்காய் துருவுவதை அபிநயித்துக் காட்டினேன். பின்னால் வரிசை நின்றது. ஒரு திருவலைக்கு நாலு நிமிடம்.

மார்செய் கதை இதற்கு நல்ல சாட்சி. 2015 மே மாதம் லண்டனிலிருந்து லியோன், அவிஞோன் வழியாக மார்செய்க்கு நேரடி ரயில் விட்டார்கள். போகும்போது சுகம். திரும்பும்போது, தெற்கில் அந்தச் சோதனைக் கூடம் இல்லாததால், பயணிகள் எல்லோரும் பெட்டிகளோடு லீலில் இறங்கி, கடவுச்சீட்டும் பைச் சோதனையும் முடித்து, மறுபடி ஏற வேண்டும். நேரடி ரயில் என்று பெயர்! சில வருடங்களில் அது நின்றுபோனது, திரும்பி வரவேயில்லை.

ஆம்ஸ்டர்டாம் இன்னும் விசித்திரம். 2018 ஏப்ரல் 4 முதல் லண்டனிலிருந்து நேரடியாகப் போகலாம். நேரடியாகத் திரும்ப முடியாது. பிரஸ்ஸல்ஸில் இறங்கி, சோதனை முடித்து, வேறு ரயில் ஏற வேண்டும். நெதர்லாந்து நிலையத்தில் பிரித்தானிய அதிகாரி உட்கார நாடுகளுக்கிடையே உடன்படிக்கை வேண்டியிருந்தது; அது முடிந்து திரும்பும் ரயில் ஓடத் தொடங்கியது 2020 அக்டோபரில். தண்டவாளம் தயார், ரயில் தயார், ஒரு மேசைக்கு இரண்டரை வருடம். அப்புறமும் ஆம்ஸ்டர்டாம் நிலையத்துக் கூடம் சின்னது. சுமார் 900 இருக்கை உள்ள ரயிலுக்கு அங்கே 250 பேரளவுதான் ஏற்ற முடிந்தது. நிலையத் திருத்தவேலைக்காக 2024 ஜூனில் அதையும் மூடி, பெரிதாக்கி, 2025 பெப்ரவரியில் திறந்தார்கள்.

இப்போது பிராங்க்பர்ட் மத்திய நிலையத்தை நினைத்துப் பாருங்கள். முட்டுச்சந்து நிலையம், வருகிற தூர ரயில் எல்லாம் அதே வழியால் திரும்பிப் போக வேண்டும். வேலைக்குப் போகிறவர்களின் ரயில்கள் நிமிடத்துக்கு நிமிடம் வந்து போகின்றன. அதில் ஒரு நீள மேடையை லண்டனுக்கென்று அடைத்துப் பூட்ட வேண்டும். நாளுக்கு மூன்று நாலு ரயிலுக்காக! கொலோனில் இடம் இன்னும் இறுக்கம். நான் அந்த நிலைய மேலாளராக இருந்தால், என் சொந்த அம்மாவுக்கென்றாலும், கை விரித்திருப்பேன்.

போத்தலாக இருப்பதால் இன்னொரு நட்டம். லண்டன் நோக்கி வரும் ரயிலில் பிராங்க்பர்ட்டில் ஏறி பிரஸ்ஸல்ஸில் இறங்குகிற ஒருவரைச் சேர்க்க முடியாது, அவரும் லண்டன் பயணியைப் போலவே எல்லாச் சோதனையும் தாண்டினாலொழிய. சாதாரண ரயிலில் ஒரே இருக்கை வழியில் இரண்டு மூன்று தடவை விற்கும். இங்கே லண்டன்காரர்களை மட்டும் வைத்து 900 இருக்கையை நிரப்ப வேண்டும், அதற்குமேல் சுரங்கத்துக்கும் பிரித்தானிய அதிவேகப் பாதைக்கும் வாடகை கட்ட வேண்டும். பக்கத்தில் விமானம், எரிபொருளுக்கு வரியே இல்லாமல் பறக்கிறது.

பிரெக்ஸிட் வந்தபின் லண்டன் முனையும் இறுகிவிட்டது. எங்கள் பிரித்தானியக் கடவுச்சீட்டுகளுக்கு முத்திரை குத்துவதால் ஆளுக்குக் குறைந்தது 15 விநாடி கூடுகிறது என்று யூரோஸ்டார் தரப்பில் சொன்னார்கள். 15 விநாடிதானே! 900 பேரால் பெருக்கினேன்: ஒரு மேசைக்கு மூன்றேமுக்கால் மணி நேரம். பத்து மேசை போட்டாலும் ஒரு ரயிலுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கூடும். 2023 தொடக்கத்தில் சில காலை ரயில்களை 350 இருக்கை வெறுமையாக அனுப்பினார்கள், வாங்க ஆளில்லாமல் அல்ல, அத்தனை பேரையும் நேரத்துக்குச் சோதித்து முடிக்க முடியாமல். கென்ட் பக்கத்து ஆஷ்ஃபோர்ட், எப்ஸ்ஃப்ளீட் நிலையங்களில் 2020 மார்ச்சுக்குப் பிறகு யூரோஸ்டார் நிற்கவே இல்லை. இரண்டின் பெயரிலும் ‘சர்வதேச’ இன்னும் இருக்கிறது. 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கும் ஐரோப்பிய முறை படிப்படியாக வந்திருக்கிறது. செயின்ட் பாங்க்ராஸில் மணிக்கு 1,800 பேர் என்றிருக்கும் கொள்ளளவை 5,000 வரை உயர்த்தத் திட்டம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய செங்கல் வளைவுகளுக்குள் எப்படி என்று, வரிசையில் நிற்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கிறேன்.

அம்மாவிடம் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு, என்னிடம் பிரித்தானியா, தம்பியிடம் ஜெர்மனி. பாரிஸில் ஒரே வாசலால் போய் வேறு வேறு வரிசையில் நிற்போம். 2025 ஏப்ரலிலிருந்து அம்மா லண்டன் வர இணையத்தில் முன்னனுமதி எடுக்க வேண்டும்; கண்ணாடியைக் கழற்றி, முக்காட்டை விலக்கி, அக்கா பதினொரு தரம் படம் எடுத்தாள். அதே மாதம் இன்னொரு தடை: ஐரோப்பாவிலிருந்து ஆட்டு, மாட்டு, பன்றி இறைச்சியும் பாலுணவும் கொண்டுவரக் கூடாது. கால்நடை நோய்ப் பயம். அம்மாவின் ஆட்டிறைச்சி ரோல்ஸ் அதோடு நின்றது. அவர் கணக்கில் இவ்வளவு நேரம் நான் சொன்ன எதையும்விட இது பெரிய பின்னடைவு.

ரயில் இரவில் எங்கே படுக்கும் என்பதும் ஒரு பிரச்சினை என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஐரோப்பிய ரயில்கள் பிரித்தானியாவின் பழைய பாதைகளுக்கு அகலமும் உயரமும் கூடியவை. பாலத்திலும் மேடையிலும் இடிக்கும். 2007இல் முழுதாகத் திறந்த அந்த 108 கிலோமீட்டர் அதிவேகப் பாதையைத் தவிர அவற்றுக்கு இங்கே போக்கிடம் இல்லை. அந்தப் பாதையோடு இணைந்த பெரிய பணிமனை கிழக்கு லண்டனில் டெம்பிள் மில்ஸ் ஒன்றுதான், அது யூரோஸ்டாரின் கையில். புதிதாக ரயில் விட நினைத்த நாலு பேர் அதில் இடம் கேட்டு நின்றார்கள். 2025 அக்டோபர் கடைசியில் பிரித்தானிய ரயில் ஒழுங்காற்று அமைப்பு வேர்ஜின் நிறுவனத்துக்கு இடம் கொடுத்து மற்றவர்களைத் திருப்பி அனுப்பியது. அவர்களும் முதலில் ஓடப்போவது பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம். ஏற்கெனவே மேசையும் கூடமும் உள்ள ஊர்கள். அதைக் குறை சொல்லமாட்டேன்.

இதற்கிடையில் நாங்கள் பிரஸ்ஸல்ஸில் மாறிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு டிசம்பரில், பனி கொட்டி எல்லா ரயிலும் பிந்திய நாளில், நானும் அம்மாவும் அங்கே இறங்கியபோது பிராங்க்பர்ட் போகும் கடைசி ரயில் போய்விட்டது. பிழை என்னுடையது. மலிவு பார்த்து இரண்டு பயணத்துக்கும் தனித்தனி ரிக்கெற் எடுத்து, நடுவில் இருபத்தைந்து நிமிடம்தான் விட்டிருந்தேன். ஒரே பயணச்சீட்டாக இருந்தால் அடுத்த ரயிலில் ஏற்றும் பொறுப்பு அவர்களுடையது. இரண்டாக எடுத்தால் முதல் ரயிலுக்கு நான் வந்து சேர்ந்த பயணி, இரண்டாவது ரயிலுக்கு வராத பயணி. ஒரு பக்கமும் பொய்யில்லை. நிலையத்துக்கு முன்னால் ஒரு ஹொட்டேலில், கட்டிக் கொண்டுவந்த புட்டைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். “ஐஞ்சு மணித்தியாலத்தில போற கோச்சி எண்டாய்” என்றார் இருட்டுக்குள். நான் தூங்கியதுபோல இருந்தேன்.

2025இல் மறுபடி ஒரு செய்தி. யூரோஸ்டார் லண்டனிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கும் ஜெனீவாவுக்கும் நேரடி ரயில் விடப்போகிறதாம். அக்டோபரில் அல்ஸ்தோமிடம் 30 ஈரடுக்கு ரயில்களுக்கு ஒப்பந்தமும் போட்டார்கள், வேண்டுமானால் மேலும் 20. முதல் ரயில்கள் 2031இல் ஓடும். தம்பி நள்ளிரவில் இணைப்பை அனுப்பி, “அண்ணை, இந்த முறை உண்மையா வருது” என்று எழுதியிருந்தான். பிராங்க்பர்ட்டில் எந்த மேடையை அடைக்கப் போகிறார்களாம் என்று திருப்பிக் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

அம்மாவிடம் அக்கா சொல்லியிருக்கிறாள். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்ப எனக்கு எண்பத்தேழு” என்றாராம். பிறகு, “மாடிக்கோச்சி எண்டால் நான் கீழ்த்தட்டிலதான் இருப்பன்.”

இந்தக் கோடைக்கு லண்டன் வந்து, இங்கிருந்து நானும் அவருமாகத் தம்பியிடம் போவதாக ஏற்பாடு. ஒரே பயணச்சீட்டு, பிரஸ்ஸல்ஸில் இரண்டு மணி நேர இடைவெளி. நேற்றிரவு தொலைபேசியில் விவரம் சொன்னேன்.

“இரண்டு மணித்தியாலமோ? அங்க கக்கூசுக்குக் காசு கேப்பாங்களோ?”

“ஓம் அம்மா.”

“அப்ப சில்லறை எடுத்து வை.”